பீதர் பள்ளி நாடகமும் சீருடை விசாரணையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஆகஸ்ட் 16 அன்று கர்நாடக உயர்நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி அபய் ஸ்ரீநிவாஸ் ஓகா தலைமையிலான அமர்வு ஒரு பொதுநல வழக்கை விசாரித்தது. வழக்குக் கட்டில் சில புகைப்படங்கள் இருந்தன. பீதர் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் எடுத்தவை. 2020-இல் அங்கே பிள்ளைகள் போட்ட ஒரு நாடகத்துக்காகப் பதிவான தேசத்துரோக வழக்கின் விசாரணை அது. ஒரு பையன், ஒரு சிறுமி. அவர்களிடம் கேள்வி கேட்பவர்கள் சீருடை போலீஸ்காரர்கள், அதுவும் துப்பாக்கியோடு. படங்களைப் பார்த்த அமர்வு, இது மேலோட்டமாகப் பார்த்தாலே குழந்தைகளின் உரிமையைக் கடுமையாக மீறிய செயல், சிறார்களுக்கான இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகளுக்கும் விரோதமானது என்று பதிவு செய்தது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அரசிடம் கேட்டது. இனி இப்படி நடக்காதபடி போலீசுக்கு அரசு அறிவுறுத்தல் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

பீதர் பள்ளி வழக்கு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது தேசத்துரோகப் பிரிவுதான். அன்று எழுதப்பட்ட கட்டுரைகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியே வந்தன. அந்த வழக்கு 2023-இல் ரத்தாகிவிட்டது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் போலீஸ் நடந்துகொண்ட விதம் தனியான ஒரு விஷயம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது நாளைக்கு எந்த ஊர்ப் பள்ளியிலும் நடக்கலாம். அதற்குத் தேசத்துரோகப் பிரிவுகூடத் தேவையில்லை.

நடந்தது

பீதர், கர்நாடகத்தின் வடகிழக்கு மூலை. ஒரு பக்கம் தெலங்கானா, இன்னொரு பக்கம் மகாராஷ்டிரம். கன்னடம், உருது, மராத்தி, தெலுங்கு எல்லாம் கலந்து புழங்கும் ஊர். அங்கே தொடங்கிய ஷாஹீன் கல்விக் குழுமம் நீட் பயிற்சிக்குப் பெயர்போனது. அதன் பள்ளியில் 2020 ஜனவரி 21 அன்று நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் அதற்கு முந்தைய மாதம்தான் நிறைவேறியிருந்தது. நாடெங்கும் அதை எதிர்த்தும் ஆதரித்தும் ஊர்வலங்கள் நடந்த நேரம். நாடகமும் அதைப் பற்றியதே: குடியுரிமைக்கான காகிதம் காட்டாவிட்டால் ஊரை விட்டுப் போகச் சொல்வார்களா என்ற பயம். அதில், காகிதம் கேட்டு வருபவரைச் செருப்பால் அடிப்பேன் என்ற பொருளில் ஒரு சிறுமி பேசும் வசனம் வருகிறது. அது பிரதமரைக் குறிக்கிறது என்பதுதான் புகார்.

நாடகம் பள்ளி வளாகத்துக்குள்தான் நடந்தது. அதை உள்ளூர் பத்திரிகையாளர் ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்ட பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. குடியரசு தினத்தன்று புகார் பதிவானது. இந்திய தண்டனைச் சட்டம் 124ஏ, அதாவது தேசத்துரோகம். கூடவே, சமூகங்களுக்கு இடையே பகை மூட்டுவது (153ஏ, 505(2)), அமைதி கெடும்படி அவமதிப்பது (504). பள்ளி நிர்வாகிகள் மீதும் காணொளியைப் போட்டவர் மீதும் வழக்கு.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 28 அன்று, போலீஸ் பள்ளிக்குள் வந்தது. அப்புறம் திரும்பத் திரும்ப வந்தது. பிப்ரவரி முதல் வாரம் வரை ஐந்து முறை விசாரணை நடந்ததாகவும், மொத்தம் 85 பிள்ளைகள் வரை கேள்விக்கு உட்பட்டதாகவும் அப்போதைய செய்திகள் சொல்லின. சிலருக்கு வயது ஒன்பது. யார் எழுதிக் கொடுத்தது, யார் சொல்லிக் கொடுத்தது, அந்த வசனத்தைப் பேசச் சொன்னது யார் என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி.

ஜனவரி 30 அன்று இரண்டு பெண்கள் கைதானார்கள். ஒருவர் ஆரம்பப் பிரிவின் தலைமை ஆசிரியை. இன்னொருவர் அந்த வசனத்தைப் பேசிய சிறுமியின் தாய். வீட்டு வேலை செய்து தனியாக மகளை வளர்த்து வந்தவர். பிள்ளைகள் சொன்ன பதில்களை வைத்தே கைது செய்ததாகப் போலீஸ் தரப்பே சொன்னது. பிப்ரவரி 14 அன்று ஜாமீன் உத்தரவு வரும்வரை இருவரும் சிறையில். அந்த இரண்டு வாரமும் மகள் அக்கம்பக்கத்தார் வீட்டில் இருந்தாள்.

கர்நாடகக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் போலீசுக்கு எழுதிய கடிதத்தில், இந்த விசாரணை பள்ளியில் பயத்தை உண்டாக்கிவிட்டது என்று சொல்லி, அதை நிறுத்தும்படி கேட்டது.

85 பிள்ளைகளிடம் கேட்டு என்ன கிடைக்கும்?

போலீஸ் அதிகாரி ஒருவரின் இடத்தில் நின்று யோசித்துப் பார்க்கலாம். புகார் வந்துவிட்டது. சரி, விசாரிக்க வேண்டும். எதை? நாடகத்தில் என்ன பேசப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை; காணொளி ஃபேஸ்புக்கிலேயே இருக்கிறது. எங்கே, எப்போது நடந்தது என்பதும் தெரியும். யார் எழுதினார்கள், யார் ஒத்திகை நடத்தினார்கள் என்பது மட்டும்தான் பாக்கி. அதை ஆசிரியர்களிடம் கேட்கலாம், நிர்வாகத்திடம் கேட்கலாம். கைப்பிரதி இருந்தால் வாங்கிப் பார்க்கலாம். அத்தனை பேரும் பெரியவர்கள், பெயர் தெரிந்தவர்கள், எங்கேயும் ஓடிப்போகவில்லை.

அப்படியிருக்க, பிள்ளைகளிடம் வாங்கிய பதிலுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? போலீசிடம் ஒரு சாட்சி சொல்வதை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அப்போது நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162-ஆம் பிரிவுப்படி அந்த வாக்குமூலம் நேரடி ஆதாரம் ஆகாது. சாட்சி கூண்டில் ஏறி வேறு மாதிரி பேசினால் அவரை மடக்க மட்டும்தான் அது பயன்படும். அப்படியானால் இந்த ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை என்றாவது ஒருநாள் கூண்டில் ஏற்றினால்தான் இத்தனை விசாரணைக்கும் அர்த்தம். அங்கே ஏற்றினாலும், சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறதா என்ற கேள்விதான் குழந்தை சாட்சிக்கு முதலில் வரும். ஐந்து முறை போலீஸ் வந்து அதே கேள்வியைக் கேட்டுப் போன பிறகு, அந்தப் பிள்ளையின் நினைவில் இருப்பது நடந்ததா, போலீசின் கேள்வியிலிருந்து ஒட்டிக்கொண்டதா என்று எந்த நீதிபதியால் பிரிக்க முடியும்? அதாவது போலீஸ் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டது. வழக்கை ஜெயிப்பதுதான் நோக்கம் என்றால் இது மோசமான வேலை. பள்ளியை மிரட்டுவது நோக்கம் என்றால் நன்றாகவே வேலை செய்தது. எது நோக்கம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் முதல் காரணத்துக்கு அந்த ஐந்து வருகைகளும் பொருந்தவில்லை.

சட்டம் ஏற்கெனவே சொன்னது

இந்த விஷயத்தில் சட்டம் இல்லாத குறை இல்லை. ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

முதலாவது, மிகப் பழையது. சாட்சியை விசாரணைக்கு அழைக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்த, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு ஒரு நிபந்தனையும் போட்டது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனையோ, எந்த வயதுப் பெண்ணையோ அவர்கள் குடியிருக்கும் இடம் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 179-ஆம் பிரிவில் இந்த நிபந்தனை இருக்கிறது. ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. நாங்கள் யாரையும் வரச் சொல்லவில்லையே, நாங்கள்தானே பள்ளிக்குப் போனோம் என்று போலீஸ் வாதாடலாம். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அந்த வாதத்துக்கு இடம் உண்டுதான். ஆனால் சட்டம் ஏன் வீட்டைச் சொல்கிறது? வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி யாராவது பக்கத்தில் இருப்பார்கள். பிள்ளைக்குப் பழகிய இடம். வகுப்பிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு இன்னொரு அறைக்கு அழைத்துப்போகும்போது அந்தப் பாதுகாப்பு எதுவும் கூட வருவதில்லை. பள்ளியில் பிள்ளைக்கு மறுக்கவும் தெரியாது. வாத்தியார் போகச் சொன்னால் எழுந்து போகத்தான் செய்யும்.

இரண்டாவது, இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த மாதிரி விதிகள். குழந்தைகளோடு பேசும் போலீஸ் முடிந்தவரை மஃப்டியில் இருக்க வேண்டும், பெண் குழந்தை என்றால் பெண் போலீஸ் வேண்டும் என்பது விதி. குற்றம் செய்த குழந்தை, செய்யாத குழந்தை என்று அது பிரிக்கவில்லை. உயர்நீதிமன்றம் கை வைத்ததும் இந்த விதியில்தான். 'முடிந்தவரை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கவும் வழியில்லை. கலவரம் நடந்துகொண்டிருந்த இடமா அது? முன்கூட்டியே திட்டமிட்டு, தேதி வைத்துப் போன இடம். சட்டை மாற்றிக்கொண்டு போக என்ன கஷ்டம்? துப்பாக்கியை ஸ்டேஷனில் வைத்துவிட்டுப் போக என்ன கஷ்டம்?

மூன்றாவது, ஆட்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, 107-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் விஷயத்தைக் கவனிக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும். உதவி எஸ்.ஐ.க்குக் குறையாத பதவி, அதற்கென்று பயிற்சி. மாவட்டத்துக்கு ஒரு சிறப்பு சிறார் காவல் பிரிவு வேண்டும். டி.எஸ்.பி. அந்தஸ்துள்ள ஒருவர் தலைமையில், இரண்டு சமூகப் பணியாளர்கள், அதில் ஒருவர் பெண். காகிதத்தில் எவ்வளவு அழகான ஏற்பாடு! நடைமுறையில் பல ஊர்களில் இந்தப் பொறுப்பு ஏற்கெனவே பத்து வேலை பார்க்கும் ஓர் எஸ்.ஐ.யின் தலையில் பதினோராவதாக வந்து விழுகிறது.

போக்சோ சட்டத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கவே கூடாது. அங்கே 'முடிந்தவரை' கிடையாது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் கேட்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குள்ளும் நிலைமை மாறிவிட்டது. குழந்தைகள் போன்ற எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனி மையங்கள் அமைக்கும் திட்டத்தை எல்லா உயர்நீதிமன்றங்களும் கொண்டுவர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பு, போலீஸ் விசாரணை என்ற கட்டத்தில், போக்சோ அல்லாத வழக்குகளில் சாட்சியாக இழுக்கப்படும் குழந்தைக்கு இந்த அளவு கறாரான பாதுகாப்பு இல்லை. பீதர் பிள்ளைகள் குற்றவாளிகளும் இல்லை, பாதிக்கப்பட்டவர்கள் என்றும் பதிவாகவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் மாட்டிக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு எதிராக மகள்

இந்த வழக்கில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது இதுதான். கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொண்டதை வெளியே சொல்லும்படி கோர்ட் கூடக் கட்டாயப்படுத்த முடியாது. நம் சாட்சியச் சட்டம் அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே நடக்கும் பேச்சுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. உனக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால் எந்தக் குழந்தையும் உண்மையைச் சொல்லும். அம்மா என்று சொல்வதில் என்ன தவறு என்று அதற்கு எப்படித் தெரியும்? வீட்டுப்பாடம் யார் சொல்லிக் கொடுத்தது என்று டீச்சர் கேட்பதற்கும் இதற்கும் அதன் மனதில் வித்தியாசம் இருந்திருக்காது.

பதில் சொன்ன பிறகு அம்மா ஜெயிலுக்குப் போகிறாள். நான் சொன்னதால்தான் போனாள் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போடும். போடாமல் இருக்க முடியாது. மற்ற பிள்ளைகளுக்கும் தலைமை ஆசிரியை விஷயத்தில் இதே கணக்குதான். எந்த எஃப்.ஐ.ஆரிலும் இந்தப் பாதிப்புக்குக் கட்டம் கிடையாது. தாயின் கைதுக்குப் பிறகும் பள்ளியில் விசாரணை தொடர்ந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

வசனம் சரியா என்று கேட்டால், ஓர் ஆசிரியர் ஒத்திகையிலேயே அதை வெட்டியிருக்கலாம் என்றுதான் சொல்வேன். செருப்பைத் தூக்குவது நம் மேடைகளிலும் திரையிலும் சலித்துப்போன வசனம், பிள்ளைகள் நாடகத்துக்கு அது தேவையில்லை. ஆனால் அது ஸ்டாஃப் ரூமில் பேசி முடிக்க வேண்டிய சமாச்சாரம்.

இங்கே இன்னொரு நாடகத்தையும் சொல்லியாக வேண்டும். அதே கர்நாடகத்தில், ஒரு மாதம் முன்பு, 2019 டிசம்பர் 15 அன்று, தட்சிண கன்னட மாவட்டம் கல்லட்காவில் ஸ்ரீராம வித்யாகேந்திரப் பள்ளி மாணவர்கள் பாபர் மசூதி இடிப்பை நடித்துக் காட்டினார்கள். அந்த விழாவுக்கு மத்திய அமைச்சர் சதானந்த கௌடா வந்திருந்தார். அப்போது புதுச்சேரி துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடியும் வந்திருந்தார். அங்கும் புகார் வந்தது, வழக்கும் பதிவானது. மத உணர்வைப் புண்படுத்தியதாகப் பிரிவுகள் போட்டார்கள், தேசத்துரோகம் போடவில்லை. அங்கேயும் 85 பிள்ளைகளை விசாரித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே மாநிலப் போலீஸ், ஒரே குளிர்காலம், இரண்டு பள்ளி நாடகங்கள். எந்தப் பள்ளியின் வகுப்பறைக்குள் துப்பாக்கியோடு நுழையத் தயக்கம் வரவில்லை என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

கோர்ட்டுகள்

பீதர் மாவட்ட நீதிமன்றம் இந்த விஷயத்தில் சீக்கிரமே தெளிவாக இருந்தது. 2020 மார்ச்சில் பள்ளி நிர்வாகிகளுக்கு முன்ஜாமீன் கொடுத்த நீதிபதி மனகோலி பிரேமாவதி, காகிதம் காட்டாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதைத்தான் பிள்ளைகள் பேசியிருக்கிறார்கள், இதில் தேசத்துரோகம் எங்கே என்ற பொருளில் எழுதினார். நாடகத்தால் சமூகத்தில் பிணக்கு எதுவும் வரவில்லை என்றும் சொன்னார்.

உயர்நீதிமன்றத்தின் கலபுரகி அமர்வில் நீதிபதி ஹேமந்த் சந்தன்கௌடர் 2023 ஜூனில் வழக்கை ரத்து செய்தார். வன்முறையைத் தூண்டும் நோக்கம் இல்லை, இரண்டு சமூகங்களுக்கு இடையே பகை மூட்டியதாகவும் இல்லை. வன்முறையைத் தூண்டினால்தான் தேசத்துரோகம் என்று 1962-இன் கேதார்நாத் சிங் தீர்ப்பு தொடங்கி உச்சநீதிமன்றம் சொல்லிவரும் அளவுகோலுக்கு இது வராது. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குக் குறை சொல்ல எதுவும் இருந்திருக்காது. ஆனால் அரசின் கொள்கைகளை விமர்சிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பதே அவர்களுக்கு நல்லது, நடப்பு அரசியல் இளம் மனங்களைக் கெடுக்கும் என்று பள்ளிகளுக்கு ஓர் அறிவுரையும் தீர்ப்பில் இருக்கிறது. ஐந்து முறை போலீஸ் வந்து போன பள்ளி அது. பிள்ளைகளின் மனதைக் கெடுத்தது எது என்று பட்டியல் போட்டால் நாடகம் அதில் கடைசியில்தான் வரும் என்பது என் கருத்து.

2021-இல் ஓகா அமர்வு கேட்டது வேறு கேள்வி. அந்தப் பொதுநல வழக்கு நாடகத்தைப் பற்றியதே இல்லை, விசாரணை நடந்த விதத்தைப் பற்றியது. அந்த உத்தரவு வந்த மாதக் கடைசியிலேயே ஓகா உச்சநீதிமன்றத்துக்குப் போய்விட்டார். பெரியவர்கள் மீதான வழக்கு ரத்தானதால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக ஆகாது. நாடகம் குற்றமாகவே இருந்திருந்தாலும், சீருடையோடும் துப்பாக்கியோடும் ஒன்பது வயதுக் குழந்தையைக் கேள்வி கேட்டது தவறுதான்.

பள்ளிக்குப் போலீஸ் வந்தால்

மேலே சொன்ன சட்டம் எல்லாம் மத்தியச் சட்டம், தமிழ்நாட்டுக்கும் அதேதான். பள்ளிக்குள் திருட்டு, அடிதடி, ஆசிரியர் மீது புகார் என்று போலீஸ் வரும் சந்தர்ப்பம் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் வரலாம். பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில் செய்வது, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கேட்ட பிள்ளையை வகுப்பிலிருந்து அனுப்பி வைப்பது. காக்கிச் சட்டையைக் கண்டால் வருகிற பழக்கம்.

அதற்குப் பதிலாகக் கேட்கக்கூடிய கேள்விகள் சாதாரணமானவை, மரியாதையாகவே கேட்கலாம். உங்கள் ஸ்டேஷனில் குழந்தைகளுக்கான அதிகாரி யார், அவர் வந்திருக்கிறாரா? சிறுமி என்றால் பெண் போலீஸ் எங்கே? எந்தக் குழந்தையிடம், எதைப் பற்றி? இதைப் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதா? பெற்றோருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் வந்ததும் வீட்டில் வைத்தே பேசலாமே? வந்தவர்கள் பெயர், பதவி, வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் பள்ளிப் பதிவேட்டில் எழுதிவைப்பதும் தலைமை ஆசிரியரின் உரிமைதான். குழந்தை உரிமை ஆணையத்துக்கோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ அங்கிருந்தே ஒரு போன் போடலாம். பீதர் விசாரணை நீதிமன்றம் வரை வந்ததற்கும், நீதிபதிகள் வெளிப்படையாகக் கண்டித்ததற்கும் பெரிய காரணம் அந்தப் புகைப்படங்கள். யாராவது பதிவு செய்து வைத்திருந்தால்தான் பின்னால் கேட்க முடியும்.